‘உந்த மீற்றரை நம்பாதையுங்கோ’

"உந்த மீற்றரை நம்பாதையுங்கோ அண்ணை. உது பழைய வான். ஊசி எங்கை நிண்டாலும் கணக்கெடுக்காதையுங்கோ."

இந்த வசனத்தைச் சொல்லாத ஒரு தமிழ் வாகனப் பண்டிதரை ஐரோப்பாவில் நான் இன்னும் சந்திக்கவில்லை. கலியாண மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் சொல்கிறார்கள். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வந்து வெயிலுக்குள் வரிசையாக நிற்கிற வாகனங்களுக்குப் பக்கத்தில், கையில் மோரோடு நின்று சொல்கிறார்கள். செத்தவீட்டு வாசலில் குரலைத் தணித்துச் சொல்கிறார்கள். சொல்கிறவருக்கு அந்த வானின் எஞ்சின் முன்னுக்கு இருக்கிறதா பின்னுக்கு இருக்கிறதா என்பதுகூடத் தெரிந்திருக்காது. முன்பக்கத்தில் பொனற்றைத் தேடித் தடவிக்கொண்டு நின்ற ஒருவரே எனக்கு இந்த ஆலோசனையைச் சொல்லியிருக்கிறார்.

நான் கதைக்கப்போவது போல்க்ஸ்வாகன் ரீ3 பற்றி. ஜேர்மன்காரர் செல்லமாகப் ‘புல்லி’ என்பார்கள். 1979 இல் வந்தது. தொடக்கத்தில் காற்றால் குளிரும் எஞ்சின். 1982 இலிருந்து பெற்றோல் வான்களுக்குத் தண்ணியால் குளிரும் ‘வாசர்பொக்சர்’ எஞ்சின். 1992 உடன் ஐரோப்பாவில் கதை முடிந்தது. இதில் வெஸ்ற்பாலியா நிறுவனம் கூரையை உயர்த்தி, அடுப்பும் கட்டிலும் பூட்டிக் கொடுத்தவைதான் பலபேர் வைத்திருக்கிற காம்பர் வான்கள். ஐரோப்பாவில் கட்டிய ரீ3களில் மிக இளையதற்கும் இன்றைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

தமிழனுக்கு ஏன் காம்பர் வான் என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரனின் விளையாட்டாம். அவர்களுக்கு ஒரு சின்ன ஞாபகமூட்டல். 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜேர்மனியில் அகதி அந்தஸ்துக் கோரியவர் தனக்கென்று குறிக்கப்பட்ட மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதென்றால் கந்தோரில் போய்க் கடதாசி வாங்கவேண்டும். பக்கத்து நகரத்தில் தமையன் இருப்பான்; பார்க்கப் போனால் ரயிலில் பிடிபட்டுத் தண்டம் கட்டவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது 2015 இல்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து, வாலிப வயதை ஒரு மாவட்டத்துக்குள் கழித்த மனுசன், பிறகு கடதாசி கிடைத்து, வேலை செய்து, ஐம்பது வயதில் கட்டிலோடு ஓடுகிற ஒரு வாகனத்தை வாங்கினால் அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வான் நடுவழியில் வெந்துபோய் நிற்பதும் எனக்கு விளையாட்டான விசயமில்லை. அதனால்தான் இந்த எழுத்து.

சரி, ஊசிக்கு வருவோம்.

ரீ3 இன் ரெம்பரேச்சர் மீற்றரில் இலக்கம் கிடையாது. ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சிவப்பு, நடுவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. திறப்பைத் திருப்பினால் அந்த விளக்கு சில வினாடிகள் மின்னி அணையும். அது தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற வேலை. ஓடும்போது மின்னத் தொடங்கினால் ஒன்றில் தண்ணி குறைந்துவிட்டது, அல்லது சூடு எல்லையைத் தாண்டிவிட்டது. ஊசிக்கு ஒரு வயர், விளக்குக்கு வேறு வழி. தண்ணி மட்டத்தைப் பார்க்கிற சென்ஸர் பின்னால் எஞ்சின் அறையில் இருக்கிற தண்ணிப் போத்தலுக்குள் இருக்கும். அது சொல்வதைக் கேட்டு விளக்கை மின்னவைப்பது 43 என்று இலக்கம் குத்திய ஒரு ரிலே. ஆக, ஓட்டுகிறவருக்கு முன்னால் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒரே முகப்பில் இருப்பதால் எங்கட ஆட்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஒரு பொய்க்காரன் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

இந்த வானுக்கு இந்த மீற்றர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லவேண்டும். எஞ்சின் பின்னுக்கு, ரேடியேற்றர் முன்னுக்கு. இடையில் வானின் முழு நீளத்துக்கும் வயிற்றுக்குக் கீழால் இரண்டு குழாய்கள். உள்ளே ஓடுகிற தண்ணி பதினாறு லீற்றருக்குக் குறையாது. அவ்வளவு இணைப்பு, அவ்வளவு றப்பர்க் குழாய், அவ்வளவு கறள் பிடிக்கிற இடம். எஞ்சினிலோ தலைப்பகுதிக்கும் தண்ணி ஓடுகிற கூட்டுக்கும் நடுவில் ஒரு றப்பர் வளையம்தான் காவல். பிழையான குளிர்திரவத்தை ஊற்றி வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த இடத்தில் அலுமினியம் அரித்து ஒழுகத் தொடங்கும். வாசர்பொக்சரின் பிரசித்தி பெற்ற வருத்தம் இது. முன்னுக்கு இருக்கிற ஓட்டுநருக்குப் பின்னால் புகை வருவது தெரியாது, மணமும் வராது, சத்தமும் கேட்காது. மூன்று மீற்றர் தள்ளியிருக்கிற எஞ்சினில் இருந்து அவருக்கு வருகிற ஒரே செய்தி அந்த ஊசியும் விளக்கும்தான். அந்தச் செய்தியைத்தான் "நம்பாதையுங்கோ" என்கிறார்கள்.

நான் ஊசிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஊசி பொய் சொல்லும். முப்பத்தைந்து வருடத்து மீற்றர் நன்றாகவே பொய் சொல்லும். ஆனால் அது பொய் சொல்கிற விதங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றையும் பிடிக்க ஒரு துண்டு வயரும் இருபது யூரோ மல்ரிமீற்றரும் அரை மணித்தியாலமும் போதும். அதைச் செய்யாமலே "பொய்" என்கிறவரும், அதைச் செய்யாமலே "உண்மை" என்று பாகம் பாகமாக மாற்றுகிறவரும் என் கணக்கில் ஒரே ஆட்கள்தான். முதலாமவர் இலவசம். இரண்டாமவர் ரசீது தருவார்.

இரண்டாமவரின் கதை ஒன்று. என் நண்பர் ஒருவரின் வான் 1989 ஆம் ஆண்டுக் காம்பர், 2.1 லீற்றர். ஊசி வழமையாக நிற்கிற இடத்தை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. மேட்டில் மட்டுமல்ல, ஐந்து பாகைக் குளிரில், சமதரையில், எஞ்சின் சூடேறி முடிந்ததும் நேரே சிவப்புக்குக் கிட்டப் போய்விடும். விளக்கு மின்னவில்லை. மனுசன் பயந்து ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அவர்கள் முதலில் ஊசிக்குச் செய்தி அனுப்புகிற சென்ஸரை மாற்றினார்கள். ஊசி மாறவில்லை. தேர்மோஸ்ரற்றை மாற்றினார்கள். ஊசி மாறவில்லை. "அப்ப தண்ணிப் பம்ப்தான்" என்று அதையும் மாற்றினார்கள். ஊசி அசையவில்லை. மொத்தக் கணக்கு ஆயிரத்து நூறு யூரோவுக்கு மேலே. கடைசியில் சொன்னார்கள்: "மீற்றர் பழசு, கவனிக்காதீர்கள்." ஆயிரத்து நூறு யூரோ வாங்கிக்கொண்டு, தேர் வீதியில் மோரோடு நின்றவர் சும்மா சொன்ன அதே வசனம்!

அந்த வான் என்னிடம் வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி பெற்றோல் மீற்றர் எப்படி என்பது. மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சூட்டைப் பற்றிக் கேட்டால் பெற்றோலைப் பற்றிக் கதைக்கிறானே என்று. பிறகு யோசித்துச் சொன்னார்: மூன்று மாதத்துக்கு முதல் ஓட்டோபானில் பெற்றோல் முடிந்து நின்றதாம், ஊசி கால்வாசி காட்டிக்கொண்டிருந்தபோதே. அதற்கும் அவர் "பழசு" என்றே நினைத்து, கராஜில் சொல்லவில்லை. கராஜும் கேட்கவில்லை.

இங்கேதான் விசயம் இருக்கிறது. இந்த வானில் பெற்றோல் ஊசிக்கும் சூட்டு ஊசிக்கும் மின்சாரம் வருவது ஒரே இடத்திலிருந்து. முகப்புப் பெட்டியின் பின்பக்கத்தில் மூன்று கால் வைத்த ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. வோல்ற்றை நிலைப்படுத்துகிற சாமான். வாகனம் ஓடும்போது பதினான்கு வோல்ற் வரை வரும், நிற்கும்போது பன்னிரண்டு. அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஊசிகளும் ஆடக்கூடாதென்று இந்தச் சாமான் எப்போதும் பத்து வோல்ற்றையே இரண்டு மீற்றருக்கும் கொடுக்கும். அதன் ஏர்த் கால் கறள் பிடித்தாலோ கழன்றாலோ அதற்குப் பத்து எது பதினான்கு எது என்று தெரியாமல் போய்விடும். வருகிறதை அப்படியே விட்டுவிடும். இரண்டு ஊசியும் ஒன்றாக உயரும். தாங்கியில் இல்லாத பெற்றோலைக் காட்டும். எஞ்சினில் இல்லாத சூட்டைக் காட்டும். இரண்டு மீற்றர் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பொய் சொன்னால் பிழை இரண்டிலும் இல்லை, இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான். இதற்கு எஞ்சினியர் பட்டம் தேவையில்லை. சந்தையில் இரண்டு சாமானும் நிறை கூடக் காட்டினால் தராசைப் பார்க்கிற எங்கட அம்மாமாரின் அறிவு போதும்.

முகப்பின் மேல்மூடியை இழுத்துக் கழற்றி மல்ரிமீற்றரை வைத்தோம். எஞ்சின் ஓட, வெளியே வருகிற காலில் பதின்மூன்றரைக்கு மேலே. பத்து வரவேண்டிய இடம். ஏர்த் இணைப்பைத் துப்புரவாக்கி இறுக்கினோம். பத்து வந்தது. சூட்டு ஊசி இறங்கி விளக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெற்றோல் ஊசியும் இறங்கி, தாங்கியில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்ற கசப்பான உண்மையைச் சொன்னது. செலவு: அரத்தாள் ஒரு துண்டு.

கராஜ்காரர் தரப்பில் ஒரு நியாயம் உண்டென்று சிலர் சொல்வார்கள். மெக்கானிக்கின் ஒரு மணித்தியாலம் நூறு யூரோவைத் தாண்டுகிற நாட்டில், இருபது யூரோ சென்ஸருக்கு ஒரு மணித்தியாலம் சோதனை செய்வதைவிடச் சென்ஸரை மாற்றுவது மலிவாம். முதல் சாமானுக்கு இந்த நியாயத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். சென்ஸரை மாற்றி ஊசி மாறவில்லையென்றால் அந்த இடத்தில் நியாயம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு மாற்றுகிற ஒவ்வொரு சாமானும் வாடிக்கையாளரின் காசில் விளையாடுகிற சூது. அதுவும் பாஷை சரியாகக் கதைக்கத் தெரியாத, "ஏன்" என்று கேட்டால் அவமானப்படுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிற ஒரு வெளிநாட்டுக்காரனின் காசில். இது வெள்ளைக்காரக் கராஜில் மட்டும் நடப்பதென்று நினைக்கவேண்டாம். எங்கட ஆட்கள் நடத்துகிற கராஜிலும் இதே கதைதான்; அங்கே "தம்பி", "அண்ணை" என்ற சொற்கள் கூட வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்ஸர் பற்றியும் ஒரு வார்த்தை. சூடு கூடக் கூட அதன் மின்தடை குறையும். தடை குறைய ஊசி ஏறும். அதனால் வயரைச் சென்ஸரிலிருந்து கழற்றினால் ஊசி குளிர்ப்பக்கம் விழவேண்டும். அதே வயரை எஞ்சின் உலோகத்தில் ஒரு கணம் தொட்டால் ஊசி சிவப்புக்கு ஓடவேண்டும். (ஒரு கணம்தான்; பிடித்துக்கொண்டு நின்று படம் எடுக்கவேண்டாம்.) இரண்டும் நடந்தால் வயரும் ஊசியும் உயிரோடு இருக்கின்றன. கழற்றிய பிறகும் ஊசி மேலேயே நின்றால் வயர் எங்கோ தோலுரிந்து வானின் உடலில் முட்டுகிறது. தொட்டும் அசையாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது முகப்பின் பின்னால் இருக்கிற பிளாஸ்ரிக் தாளில் ஓடுகிற செப்புக்கோடு வெடித்திருக்கிறது. அந்தத் தாள் இந்த வயதில் மிளகாய்ப்பொரியல் மாதிரி உடையும், மெல்லக் கையாளவேண்டும். சென்ஸரைக் கழற்றித் தண்ணிச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்து மல்ரிமீற்றரால் பார்த்தால், தடை துள்ளாமல் ஒரே சீராகக் குறைந்துகொண்டு போகவேண்டும். 2.1 லீற்றர் வானில் கவனம்: எஞ்சின் கணினிக்குச் செய்தி சொல்கிற சென்ஸர் வேறு, அது நீல நிறம். ஊசியின் சென்ஸர் வேறு. நீலத்தை மாற்றிவிட்டு "ஊசி இன்னும் திருந்தவில்லை" என்று அழுத ஆட்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வயரைக் கழற்ற ஊசி விழுந்தது, தொட ஏறியது என்பதால் மட்டும் மீற்றர் சரியாக அளக்கிறது என்று அர்த்தமில்லை. பத்துக்குப் பதில் பதினான்கு வோல்ற் வந்தாலும் ஊசி இதே நடனத்தை ஆடும். என் நண்பரின் கராஜ்காரர் வழுக்கி விழுந்த இடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். ஊசி அசைகிறது, ஆகவே மீற்றர் நல்லது, ஆகவே சூடு உண்மை, ஆகவே பம்ப். ஒவ்வொரு ‘ஆகவே’க்கும் முன்னூறு யூரோ.

இப்போது இலவச ஆலோசகரின் கதை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குடும்பம். தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், 1.9 லீற்றர் வான். இந்த வானில் ஊசி ஓட்டோபானில் நல்ல பிள்ளையாக இருக்கும். நெரிசலில் நின்றால் ஏறும். திரும்ப ஓடத் தொடங்கினால் இறங்கும். ஆலோசகர்கள் கூடினார்கள். "ஏறி இறங்குது எண்டால் மீற்றர் விசர் பிடிச்சு ஆடுது" என்று தீர்ப்பு. ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், விளக்கு மின்னுவது இரவில் கண்ணைக் குத்துகிறதென்று அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டிக் கொடுத்தார். அன்பளிப்பாக.

நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்குகிற ஊசி விசர் பிடித்த ஊசியே இல்லை. அது இதைவிடத் தெளிவாகக் கதைக்க முடியாது. ஓடும்போது காற்று தானாக ரேடியேற்றருக்குள் வருகிறது. நிற்கும்போது விசிறிதான் காற்றைத் தரவேண்டும். ஆக விசிறி வேலை செய்யவில்லை. ரேடியேற்றரில் திருகியிருக்கிற சூட்டுச் சுவிச்சின் செருகியைக் கழற்றி, முனைகளை ஒரு வயர்த்துண்டால் இணைத்தால் விசிறி சுத்தவேண்டும். சுத்தினால் சுவிச் செத்துவிட்டது. சுத்தாவிட்டால் பியூஸ், வயர், மோட்டர் என்று தேடவேண்டும். பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை. ஓகஸ்ற் மாதத்துச் சனிக்கிழமை, கொத்தார்ட் சுரங்கத்துக்கு முன்னால் கிலோமீற்றர் கணக்கில் வாகன வரிசை. பதினேழு கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் நுழைய மணித்தியாலக் கணக்கில் ஊர்ந்து போகவேண்டும். ஊசி ஏறியது. அவர் கவனிக்கவில்லை, கவனிக்காதே என்று ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்களே. கொதித்து நீராவியாகித் தண்ணி வெளியே போனது. விளக்கு மின்னியது, ரேப்புக்குக் கீழே. பிறகு ஊசி திடீரென்று கீழே விழுந்தது. "பார்த்தியே, சொன்னாங்கள்தானே" என்று மனைவியிடம் சொன்னாராம்.

ஊசி விழுந்தது குளிர்ந்ததால் இல்லை. சென்ஸர் தண்ணிக்குள் நின்றால்தான் தண்ணியின் சூட்டைச் சொல்லும். தண்ணி இறங்கிச் சென்ஸர் காற்றுக்குள் நின்றால் அது என்னத்தைச் சொல்லும்? எஞ்சின் உச்சத்தில் வேகிற நேரத்தில் ஊசி குளிர்ப்பக்கம் சரியும். இது மீற்றரின் பொய் என்றால் பொய்தான். ஆனால் இந்தப் பொய்யைப் பிடிப்பதற்காகத்தானே தண்ணி மட்டத்துக்கு வேறொரு சென்ஸரும் விளக்கும் வைத்தார்கள். அந்தச் சாட்சியின் வாயில் ரேப் ஒட்டியாயிற்று. ஊசி மெல்ல இறங்கினால் ஆறுதல் அடையலாம். பொத்தென்று விழுந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை நிற்பாட்டவேண்டும்.

நின்றது. எஞ்சின் தானாகவே நின்றது. மனுசன் இறங்கிப் பின்னால் போய், துவாயைச் சுத்திப் போத்தலின் நீலமூடியைத் திறந்தார். அடைத்து வைத்த தண்ணியில் ஒரு வளிமண்டல அழுத்தம் கூட இருந்தால் அது நூறு பாகையில் கொதிக்காது. நூற்றிருபதுக்குக் கிட்டப் போய்த்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், உள்ளே மிஞ்சியிருந்த அவ்வளவும் ஒரே நேரத்தில் கொதித்து வெளியே பாயும். முழங்கை வரை அவிந்துபோய் ஆறு கிழமை கட்டுப்போட்டிருந்தார். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவில்லை என்பது ஒன்றுதான் நல்ல செய்தி. வான் இரண்டு தலையும் வளைந்து, திருத்தக் கேட்ட விலைக்குத் துணிவு வராமல், உதிரிப்பாகத்துக்கு விற்கப்பட்டது. ரேப் ஒட்டியவர் இப்போதும் தேருக்கு வருகிறார். இப்போதும் ஆலோசனை சொல்கிறார்.

"உந்தப் பழைய மீற்றருக்குப் பதில் ஒரு டிஜிற்றல் மீற்றர் பூட்டினால் போச்சு" என்கிற நவீனவாதிகளும் உண்டு. பூட்டுங்கள், நல்லது. இலக்கத்தில் காட்டும், நானும் எதிர்ப்பில்லை. ஆனால் அதன் சென்ஸரும் தண்ணிக்குள்தான் நிற்கவேண்டும். தண்ணி போனால் அதுவும் அழகான பச்சை வெளிச்சத்தில் அதே பொய்யைச் சொல்லும். சிவப்புக் கதிர் அடிக்கிற துப்பாக்கி மீற்றரைக் கொண்டுவந்து பளபளக்கிற அலுமினியத்தில் அடித்து "ஐம்பது பாகைதான்" என்று சிரித்தவரையும் பார்த்திருக்கிறேன். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி எப்போதும் குறைத்தே காட்டும். கறுப்பு றப்பர்க் குழாயில், அல்லது உலோகத்தின்மேல் ஒரு துண்டு கறுப்பு ரேப் ஒட்டி அதில் அடிக்கவேண்டும். கறுப்பு ரேப்புக்கு உண்மையான பிரயோசனம் இதுதான்.

இளம் பிள்ளைகளின் பிரச்சினை வேறு. இன்றைய கார்கள் பலவற்றில் தண்ணியின் சூடு இருபது முப்பது பாகை மேலே கீழே போனாலும் ஊசி நடுவிலிருந்து அசையாதபடி கம்பனிகளே கணினியில் அமைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் தேவையில்லாமல் பயந்து கராஜுக்கு வரக்கூடாதாம். அதில் பழகிய பிள்ளை தகப்பனின் புல்லியை ஓட்டினால், மேட்டில் ஊசி ஒரு தடிப்பம் ஏறியதற்கே வெலவெலத்துப் போகிறது. பழைய மீற்றர் அசையும். அதன் வேலை அதுதான். ப்ரென்னர் கணவாய் 1370 மீற்றர் உயரம். அதில் பாரத்தோடு ஏறும்போது ஏறாத ஊசியைத்தான் நான் சந்தேகிப்பேன். ஒவ்வொரு வானுக்கும் அதன் ஊசி வழமையாக நிற்கிற இடம் ஒன்று உண்டு. சிலதில் விளக்குக்குக் கொஞ்சம் கீழே, சிலதில் சரி நேரே, சிலதில் கொஞ்சம் மேலே. அந்த இடத்தை ஓட்டுகிறவர் தெரிந்துவைத்திருக்கவேண்டும். அயலவரின் வானில் எங்கே நிற்கிறதென்பது உங்களுக்குத் தேவையில்லாத விசயம்.

ஆலோசகர்கள் சொல்வதில் ஒன்றே ஒன்று சரி, அதையும் சொல்லிவிடவேண்டும். ஊசி ஏறினால் ஹீற்றரை முழுக்கத் திறக்கச் சொல்வார்கள். ஓகஸ்ற் வெயிலில் கேட்கப் பைத்தியக்கார வேலை மாதிரி இருக்கும். ஆனால் ஹீற்றரும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான். பல காம்பர்களில் முன்னுக்கு ஒன்று, பின் இருக்கைக்குக் கீழே இன்னொன்று. நெரிசலில் மாட்டினால் உண்மையாகவே சில பாகை குறையும். ஓரம் கட்ட இடம் கிடைக்கும் வரை தாங்கும். இதைச் சொல்கிறவர் அதோடு நின்றால் அவருக்கு நானே மோர் வாங்கிக் கொடுப்பேன்.

தண்ணி மாற்றிய பிறகு ஊசி துள்ளித் துள்ளி ஆடினால் அதையும் மீற்றரின் தலையில் போடுகிறார்கள். அது காற்று. முன்னுக்கும் பின்னுக்கும் இவ்வளவு நீளக் குழாய் இருந்தால் காற்று அடைபடும். வானின் முன்பக்கத்தை உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேற்றரின் மேலேயிருக்கிற திருகாணியைத் தளர்த்திக் குமிழி இல்லாமல் தண்ணி வரும்வரை காத்திருக்கவேண்டும். பொறுமை வேண்டும். அவசரக் கராஜில் இந்த வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு அடுத்த கிழமை சென்ஸர் மாற்றுவார்கள்.

"முப்பது வருடத்து வானுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையோ" என்று கேட்பார்கள். முப்பது வயது தாண்டி ஒழுங்காக இருந்தால் ஜேர்மன் அரசு இதற்குப் பழம்பெரும் வாகனம் என்று ‘எச்’ எழுத்துப் போட்ட இலக்கத்தகடு கொடுத்து, வருட வரியை 191 யூரோவோடு நிற்பாட்டுகிறது. வெள்ளைக்காரன் பொக்கிசம் என்று கும்பிடுகிற சாமானை எங்கட ஆள் வைத்திருந்தால் மட்டும் அது "உந்தப் பழசு" ஆகிவிடுகிறது. மனுசன் தன் கையால் மெத்தை தைத்து, அடுப்பைத் துடைத்து, வருடத்தில் மூன்று கிழமை பிள்ளைகளோடு அதில் உறங்குகிறான். அதை ஏளனம் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கலாம். அதன் சூட்டு மீற்றரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல, கையில் ஒரு மல்ரிமீற்றராவது வேண்டும்.

என் நண்பரின் வான் இந்தக் கோடையில் டென்மார்க் வரை போய் வந்தது. ஊசி விளக்குக்கு ஒரு மயிரிழை கீழே. கராஜில் கழற்றிய பழைய சாமான்களை அவர் கேட்டு வாங்கி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார். போன கிழமை தேத்தண்ணி குடிக்கப் போனபோது எடுத்துக் காட்டினார். அந்தத் தேர்மோஸ்ரற்றை அவருடைய மனுசி பார்க்காத நேரம் குசினிச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தோம். ஒழுங்காகத் திறந்தது. பம்பைக் கையால் சுத்திப் பார்த்தேன். ஆட்டமில்லை, சத்தமில்லை. இன்னும் நன்றாகச் சுத்துகிறது.